டிஸ்க் காணாதாம்

மச்சான்,

உன் பழைய டிஸ்க் என் மேசையில் கிடக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் கறுப்புத் துண்டு. கணினியில் சொருகி ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் சூடேறும். சூடேறினால் மணக்கும். வறுத்த மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், கூடவே கொஞ்சம் கறிவேப்பிலை. உன் வீட்டுக் கராஜின் மணம். அதில் இன்னும் மீட்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க இன்று காலை சொருகினேன். அடுத்த அறையிலிருந்து என் மனைவி, "யாருங்க தூள் வறுக்கிறது?" என்று கேட்டாள். இருமிச் சமாளித்தேன்.

நீ போன பிறகு மெல்பனில் ஒரு குளிர்காலம் வந்து போய்விட்டது. இவ்வளவு நாளும் உனக்கு எழுதாமல் இருந்ததற்குத் துக்கம் காரணமில்லை, கோபம்தான் காரணம். அது இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை உன் கராஜில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? மற்றவர்களுக்கு முதலில் அரை மணி நேரம் விளக்க வேண்டும்.

நாம் சந்தித்தது மல்கிரேவ் அலுவலகத்தில். நீ நெட்வொர்க் பிரிவு, நான் மென்பொருளில் பிழை தேடும் பிரிவு. நீ வவுனியாப் பக்கம், நான் மதுரைப் பக்கம். மதியச் சாப்பாட்டு மேசையில் "தமிழோ?" என்று கேட்டாய். "ஆமா" என்றேன். "அப்ப இங்கிலீசிலை கஷ்டப்படத் தேவையில்லை" என்று பக்கத்தில் உட்கார்ந்தாய். அதன் பிறகு உன் தமிழ் எனக்கும் என் தமிழ் உனக்கும் விளங்காமல் பாதி நாள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது வேறு கதை.

பிட்காயின் 'நோட்' என்று நீ இராப்பகலாக ஓடவிட்டிருந்த அந்தச் சின்னக் கணினிப் பெட்டியைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே விளக்கம்தான் வைத்திருந்தாய். "பிட்காயின் எண்டால் ஒரு பெரிய கணக்குக் கொப்பி. ஆர் ஆருக்குக் குடுத்தது எண்டு எல்லாம் அதிலை கிடக்கும். அந்தக் கொப்பியின்ர முழுப் பிரதி என்ர கராஜிலையும் கிடக்கு. புதுப் பக்கம் வந்தால் என்ர பெட்டி தானே கூட்டிக் கழிச்சுப் பாத்துத்தான் ஏற்கும்." கேட்டவர், "அதாலை காசு உழைக்கலாமோ?" என்பார். "ஒரு சதமும் உழைக்கேலாது" என்பாய், ஏதோ பட்டம் வாங்கியவன் மாதிரி. அவர் உன்னைப் பார்க்கும் பார்வையை நான் பலமுறை ரசித்திருக்கிறேன். எனக்கும் அதே பைத்தியத்தைத் தொற்ற வைத்து, என் வீட்டிலும் ஒரு பெட்டி வாங்க வைத்து, அதையும் உன்னுடையதையும் நேரடியாகக் கோர்த்துவிட்டவனும் நீதான்.

உண்மைக் காரணத்தை ஒருநாள் ரயில்வே கேட்டில் காருக்குள் காத்திருக்கும்போது சொன்னாய். விசாவுக்காகக் காத்திருந்த வருஷங்களில் ஒவ்வொரு கவுண்டரிலும் யாரோ ஒருவன் உன் பெயரைத் தட்டுவானாம், திரையைப் பார்ப்பானாம், தலையை ஆட்டுவானாம். அந்தத் திரை உன் பக்கம் ஒருநாளும் திரும்பியதில்லை. "என்ர கதை முழுக்க மற்றவன்ர திரையிலைதான் கிடந்தது மச்சான். அவன் சொல்லுறதை நான் நம்போணும். இனி ஒண்டையும் நம்பிறேல்லை. நானே சரிபாப்பன்." கேட் திறந்தது, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான், நீ பேச்சை மாற்றிவிட்டாய். அன்றிலிருந்து உன் பெட்டியை நான் கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுக்க நிறுத்தவில்லை.

நிறுத்தவும் நீ விடவில்லையே. ட்ருகனினாவில் புது வீடு கட்டிப் போனபோது, இணையக் கம்பி வந்து இறங்கும் இடம் கராஜ் என்பதால் பெட்டியையும் அங்கேயே சுவர்த் தட்டில் வைத்தாய். சனிக்கிழமை தோறும் அது காரணமில்லாமல் படுத்துக்கொண்டது. மின்சாரம் என்றாய், பிளக்கை மாற்றினாய். வெயில் என்றாய், மின்விசிறி வாங்கிப் பூட்டினாய். விசிறி பூட்டிய பிறகு இன்னும் சீக்கிரம் படுத்தது. நான்தான் கேட்டேன், சனிக்கிழமை உன் வீட்டில் என்ன நடக்கும் என்று. வீட்டுக்குள் வறுத்தால் புகை அலாரம் கத்துகிறது என்று உன் மனைவி வதனி கேஸ் அடுப்பைக் கராஜுக்குக் கொண்டுவந்து தூள் வறுக்கும் நாள் அது. பெட்டியைத் திறந்தோம். விசிறி இறக்கை எல்லாம் சிவப்பு. இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினோம். தும்மலுக்கு நடுவில் நீ சொன்னாய், "உலகத்திலையே உறைப்பான நோட் இதுதான்." பெட்டியை இடம் மாற்றவும் இல்லை, வதனியிடம் சொல்லவும் இல்லை. சனிக்கிழமையானால் அதற்கு ஒரு பழைய சாரத்தை, எங்கள் ஊரில் கைலி என்போமே அதை, போர்த்திவிட்டாய்.

இப்படி எல்லாவற்றுக்கும் வழி வைத்திருந்த நீ, ஒன்றுக்கு மட்டும் வைக்கவில்லை.

பிட்காயினாக நீ வாங்கிச் சேர்த்து வைத்திருந்த சேமிப்பைத் திறக்கும் சாவி, வாலட் என்ற அந்தச் சின்னக் கோப்பு, பெட்டியோடு மாட்டியிருந்த அந்த ஒரே டிஸ்கில்தான் இருந்தது. அதைத் திறக்கும் கடவுச்சொல் வதனியின் தலைக்குள் மட்டும் இருந்தது. "பாதி அவளிட்டை, பாதி பெட்டிக்குள்ளை. ரெண்டும் சேந்தால்தான் திறக்கும்" என்று பெருமை அடித்தாய். காகிதத்தில் எழுதி வை என்று நான் சொன்னபோதெல்லாம் மறுத்தாய். யுத்த காலச் சோதனைகளில் ஒரு துண்டுக் காகிதத்தால் வந்த ஆபத்துகளை உன் ஊரில் நிறையப் பார்த்தவன் நீ, அதை நான் வாதாட முடியாது. சரி, டிஸ்குக்காவது ஒரு நகல் எடு என்றேன். "வாற ஞாயிறு" என்றாய். எத்தனை வாற ஞாயிறு! நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னபோதும் டாக்டரிடம் போவதற்கு இதே பதில்தான். பெட்டியின் பதிவுகளை வரி வரியாக வாசிப்பவன், உன் உடம்பு எழுதிக் காட்டியதை மட்டும் வாசிக்கவே இல்லை. என் கோபம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இங்கேதான்.

வேலைக்குப் போகிற வழியில் காரை ஓரம் கட்டியிருக்கிறாய். அவ்வளவு நிதானம் அந்த நேரத்திலும். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

எங்கள் ஊர் வழக்கத்தில் பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் மற்ற வேலைகளைப் பார்க்கலாம். அந்தக் கணக்கில் நான் ஒரு புது டிஸ்கை வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். வதனி கராஜ் கதவைத் திறக்கவில்லை. "அந்தியேட்டி முடியட்டும் அண்ணா. முப்பத்தொண்டுக்கு முதல் இவரின்ர சாமானிலை கை வைக்கிறது மனசுக்குச் சரியாப் படேல்லை" என்றாள். முப்பத்தோராம் நாள் காரியம் உங்கள் முறை, அதை நான் எப்படி மறுப்பது? சரிம்மா என்று திரும்பினேன். ஆனால் பெட்டிக்கு அந்தியேட்டி தெரியாதே. நிமிஷத்துக்கு நிமிஷம் உலகம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது, அந்தக் கொப்பி பக்கம் பக்கமாகத் தடித்துக்கொண்டிருந்தது. நீ இருந்தபோது மாதத்துக்கு ஒருமுறை பழைய குப்பைகளை அழித்து இடம் பண்ணிக் கொடுப்பாய் என்பதே எனக்குத் தெரியாது. என் திரையில் உன் பெட்டியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

இதற்கிடையில் வீட்டுக் கடன் கொடுத்த வங்கியிலிருந்து வதனிக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. சூப்பர் என்கிற உன் ஓய்வுகாலச் சேமிப்புப் பணம் வர மாதக்கணக்காகும் என்றார்கள். வீட்டை விற்பதா, வைத்திருப்பதா என்று அவள் முடிவு சொல்ல வேண்டும். அவள் கையில் இருந்த ஒரே பதில் உன் பெட்டிக்குள் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

அந்தியேட்டி முடிந்த வாரம், சனிக்கிழமை காலை, நான் கிளம்பி வருவதாக ஏற்பாடு. சட்டையை மாட்டிக்கொண்டே திரையைப் பார்த்தேன். உன் பச்சைப் புள்ளியைக் காணவில்லை. உடனே வதனிக்கு ஃபோன் அடித்தேன். அவள் ஏற்கனவே கராஜில்தான் நின்றிருந்தாள்.

"ஸ்கிரீன்ல என்னம்மா எழுதியிருக்கு?"

"இங்கிலீசிலை நீட்டாக் கிடக்கு அண்ணா. டிஸ்க் காணாதாம்."

"காணோமா?"

"ஓம், காணாதாம். அதோடை நிண்டுட்டுது."

டிஸ்க் காணோம் என்றால் என்ன செய்வோம்? வயர் தளர்ந்திருக்கும். பத்துக்கு ஒன்பது தடவை அதுதான். "அந்தக் கறுப்புத் துண்டுலேர்ந்து ஒரு வயர் போகுது பாருங்க. அதைப் புடுங்கித் திரும்ப மாட்டுங்க" என்றேன்.

"அதிலை ஒரு லைட் மினுங்கிக்கொண்டு கிடக்கு. பரவாயில்லையோ?"

"பரவாயில்லம்மா, புடுங்குங்க."

பிடுங்கினாள். மாட்டினாள். லைட் வரவில்லை. "போட்டுட்டன் அண்ணா, இப்ப ஒண்டுமே இல்லை" என்றாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தோ வர்றேன் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

என் வீடும் மல்கிரேவில்தான், அங்கிருந்து ட்ருகனினாவுக்கு ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். அன்றைக்கென்று மொனாஷ் ஃப்ரீவேயில் ஏதோ வேலை, ஒரு தடத்தை அடைத்திருந்தார்கள். ஊர்ந்து ஊர்ந்து வெஸ்ட் கேட் பாலத்தில் ஏறியபோது, அவள் சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை தேடுகிறவன் பழக்கம். டிஸ்க் இல்லையென்றால் லைட் எப்படி மினுங்கும்? லைட் மினுங்கினால் டிஸ்க் இருக்கிறது, வேலையும் செய்கிறது. அப்படியானால் ஏன் காணாது?

காணாது.

உன் வீட்டில் முதன்முதல் சாப்பிட வந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. வதனி புட்டை அள்ளி அள்ளிப் போட, நீ என் தட்டைப் பார்த்து "காணுமோ மச்சான்?" என்றாய். நான் கரண்டியைத்தான் கேட்கிறாய் என்று நினைத்து, "என்ன காணோம்?" என்று மேசைக்கு அடியில் குனிந்து தேடினேன். நீங்கள் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். காணும் என்றால் போதும். காணாது என்றால் போதாது. அன்றே படித்த பாடம். அதன் பிறகு எத்தனை வருஷம், "பெட்ரோல் காணுமோ?" என்று நீ கேட்க, "தேடிப் பார்க்கிறேன்" என்று நான் சொல்ல, அதையே விளையாட்டாக்கி வைத்திருந்தோம். வேண்டிய நேரத்தில் என் மதுரைக் காது அத்தனையையும் மறந்து தொலைத்தது.

டிஸ்கில் இடம் போதாதாம். வதனி சொன்னது அவ்வளவுதான். திரையில் இருந்ததை அவள் சரியாக வாசித்து, சரியான தமிழில் சொல்லியிருக்கிறாள். பழைய பதிவுகள் கொஞ்சத்தை அழித்திருந்தால் காப்பி குடிக்கும் நேரத்தில் தீர்ந்திருக்கும் விஷயம். இடம் முட்டிப்போய், தன் குறிப்புகளை அவசர அவசரமாக எழுதி மூடிக்கொண்டிருந்த பெட்டியின் கையை நான் பாதியில் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

பாலத்தின் நடுவில் நிறுத்தவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஸ்பீக்கரில் வதனியைக் கூப்பிட்டேன். "எதையும் தொடாதீங்கம்மா. திரும்ப ஆன் பண்ணாதீங்க."

"நான் ரெண்டு மூண்டு தரம் போட்டுப் பாத்திட்டனே அண்ணா."

பக்கத்துத் தடத்தில் ஒரு லாரி போனது. "சரி, இனிமே வேணாம்" என்றேன்.

உன் கராஜில் எல்லாம் நீ வைத்தபடியே இருந்தது. தட்டில் பெட்டி, அதன் மேல் அந்தச் சாரம் மடித்து வைத்திருந்தது. வதனி ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் கேட்டுவிட்டு, "நீங்கள்தானே கழட்டச் சொன்னனீங்கள்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விளங்கிக்கொள்ளத்தான் கேட்டாள். "சாவியும் போயிட்டுதோ?" என்று அடுத்துக் கேட்டாள்.

"தெரியலம்மா. பார்க்கணும்."

இப்படி அடிபட்ட டிஸ்கில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. முதலில் அதை அப்படியே பிரதி எடுக்க வேண்டும், பிறகு அந்தப் பிரதியில்தான் வைத்தியம் எல்லாம். இது நீயும் நானும் சேர்ந்து கற்றது. என் மடிக்கணினியில் உன் டிஸ்கையும் நான் வாங்கிவந்த புது டிஸ்கையும் சொருகினேன். முதலில் அது தெரியவே இல்லை. வயரை மாற்றினேன். தெரிந்தது. பிரதி ஓடத் தொடங்கியது. கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும். வாசிக்க முடியாத இடங்கள் என்று திரையில் வரி வரியாக விழுந்தது. எந்த இடத்தில் உன் சாவி இருக்கிறதென்று அந்த வரிகளுக்குத் தெரியாது. டிஸ்க் கொதித்தது, தூள் மணக்க ஆரம்பித்தது. வதனி எழுந்து போய் ஒரு தட்டத்தால் அதற்கு விசிறினாள், காய்ச்சல்காரனுக்கு விசிறுகிற மாதிரி. நானும் தடுக்கவில்லை.

வெயில் கராஜின் பாதியைத் தாண்டிப் போனது. பிளேன்டீ வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. "இவர் என்னத்துக்கு இதை இஞ்சை வைச்சவர் எண்டு எனக்கு எப்பவும் எரிச்சல்" என்று வதனி சொன்னாள். "தூள் வறுக்கிற நேரம் அதுக்குச் சாரம் போத்துவார். எனக்கு இருமல் வந்தால் ஒண்டும் போத்திறேல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே கொஞ்ச நேரம் அழுதாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரதி முடிந்தது. கணக்குக் கொப்பி சிதைந்துபோயிருந்தது. அது போகட்டும், என் பெட்டியிலிருந்து மறுபடி எழுதிக்கொள்ளலாம். கோப்புகளை ஒழுங்கு செய்யும் கட்டளையைப் பிரதியில் ஓடவிட்டேன். பெயர் இழந்த கோப்புகள் என்று ஒரு குவியலை அது ஒதுக்கிக் காட்டியது. ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். ஒன்றில் கை நின்றது. அளவு சரி, தலைப்பகுதி சரி. வாலட் நிரலில் கொடுத்துப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு, கடவுச்சொல் கேட்டது.

"இருக்கும்மா" என்றேன்.

எழுந்து அவளுக்கு இடம் விட்டேன். "நீங்கள் அந்தப் பக்கம் பாருங்கோ அண்ணா, குறை நினையாதேங்கோ. ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு இவர் சத்தியம் வாங்கினவர்." சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். உன் ஸ்பானர்கள் அளவு வரிசையில் தொங்கின. பின்னால் விசைகள் தட்டும் சத்தம். மறுபடி தட்டும் சத்தம்.

"பிழையாம்."

"மெதுவா அடிங்க."

"மூண்டு தரம் பிழைச்சால் பூட்டிப்போடுமோ? பாங்க் மாதிரி?"

"பூட்டாது. எத்தனை தடவை வேணும்னாலும் போடலாம்."

போட்டாள். பிழை, பிழை, மறுபடி பிழை. கடைசியில் கையை எடுத்துவிட்டு, "இது தமிழ் அண்ணா. இங்கிலீஸ் எழுத்திலை அடிச்சு வைச்சவர். எனக்கு வாயாலைதான் சொன்னவர். எழுதிக் காட்டேல்லை" என்றாள்.

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. காகிதம் வேண்டாம் என்றாய், சரி. அவளுக்கு ஒருமுறை அடித்தாவது காட்டியிருக்கலாமே மடையா! அவளோ ஃபோனில் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறவள். நீ அவளுக்குக் குரல் செய்திதான் அனுப்புவாய். நீ ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தது முழுக்க எனக்குத்தான். அலுவலகக் கூட்டங்களில் மேசைக்கு அடியில் வைத்து, வருஷக்கணக்காக. உன் எழுத்து எவ்வளவு மோசம் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னேன். "நீங்க என்கிட்ட எதுவும் சொல்ல வேணாம். அவன் எப்படி அடிப்பான்னு நான் சொல்றேன். நெடில் வந்தாலும் ஒரு 'ஏ' எழுத்துதான் போடுவான், ரெண்டு போட மாட்டான். 'ழ' வந்தா 'எல்'. வார்த்தைக்கு நடுவில இடம் விட மாட்டான். எல்லாம் சின்ன எழுத்து." தட்டினாள். பிழை. "'ட' வந்தா 'டி', 'த' வந்தா கூட 'எச்' சேர்ப்பான்." தட்டினாள். பிழை. நீ அனுப்பிய செய்திகளை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இன்னும் என்ன வழக்கம் உனக்கு? எதுவும் தோன்றவில்லை. ஃபோனை எடுத்து உன் பழைய செய்திகளைத் தேடப் போனேன். உன் பெயரைக் கண்டதும் விரல் நகரவில்லை.

பின்னால் கதிரை கிறீச்சிட்டது.

"அண்ணா, இஞ்சாலை திரும்புங்கோ."

திரும்பினேன். வதனி என் முகத்தைப் பார்த்து, அந்த வாக்கியத்தைச் சொன்னாள். நான்கே சொற்கள். அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன். அவளிடம் நீ முதன்முதல் பேசிய வாக்கியம் என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அதில் ஒரு 'ற்ற' இருந்தது. அதை அவள் நீ சொல்கிற மாதிரியே, நாக்கை மேலே ஒட்டி அழுத்திச் சொன்னாள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. காற்று என்பதை நீ எப்படி அடிப்பாய்! 'ற்' ஒரு 'ஆர்', 'ற' இன்னொரு 'ஆர்'. பக்கத்தில் 'டி' போடடா என்று எத்தனை தடவை சண்டை. "வெளியிலை பெரிய காற்று" என்று நீ அனுப்ப, "என்ன கரு?" என்று நான் திருப்பிக் கேட்க.

"அந்த இடத்துல ரெண்டு 'ஆர்' போடுங்க" என்றேன்.

போட்டாள். திறந்தது.

அவள் திரையில் இருந்த எண்ணைக்கூட வாசிக்கவில்லை, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் நீ அங்கே இருந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன், அடித்துவிட்டுக் கட்டிப்பிடித்திருப்பேன்.

நகல் எடுத்தேன். ஒன்றல்ல, மூன்று. பிறகு சொன்னேன், "இப்ப எனக்கு இது தெரிஞ்சுபோச்சும்மா. உடனே வேற கடவுச்சொல் மாத்திடுங்க. எப்படின்னு காட்டிட்டு நான் வெளியே நிக்கிறேன்."

வதனி யோசித்தாள். "வேண்டாம்" என்றாள். "எனக்கு ஒண்டு நடந்தால் பிறகு ஆருக்குத் தெரியும்? உங்களிட்டையும் கிடக்கட்டும்."

"அவன் சத்தியம் வாங்கியிருக்கான்ல? யாரையும் நம்பாதே, சரிபார்னு தினமும் என் காதுல ஓதினவன்மா அவன்."

"சரிபாத்துப்போட்டுத்தானே அண்ணா உங்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர்."

கடவுச்சொல்லை மாற்றாமலே மடிக்கணினியை மூடினேன்.

வீடு வதனியிடமே இருக்கிறது. நான்தான் மாட்டிக்கொண்டேன். எனக்கு மறதி எவ்வளவு என்று உனக்குத் தெரியும். கார் சாவியை எங்கே வைத்தேன் என்று வீட்டையே புரட்டுகிறவன் நான். இந்த நான்கு சொற்களில் ஒன்று நழுவினாலும் அதைத் தெரிந்த தனி ஆள் வதனிதான் என்ற பயத்தில், தினமும் காலையில் பல் விளக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மதுரைக்காரன் வாயில்தான் சொல்கிறேன் மச்சான். உன் குரலில்தான் வருகிறது.